இருபத்தெட்டு நாளுக்கு ஒரு வியாழன்

கடந்த விடுமுறையில் உம்மாவையும் ராத்தாவின் மகளையும் கூட்டிக்கொண்டு மாங்குளத்திலிருந்து தண்ணீரூற்றுக்குப் போய்க்கொண்டிருந்தேன். இடையில் ஒட்டுசுட்டானில் ஒரு வீட்டில் சுகம் விசாரிக்க வேண்டியிருந்தது. பிரதான வீதியை விட்டு உள்ளே திரும்பியதும் கைத்தொலைபேசிக்கு இணையம் கிடைக்காமற் போயிற்று. முன்னொரு நாள் இறக்கி வைத்திருந்த வரைபடம் இருக்கிறதே என்று பிள்ளை அதைத் திறந்தாள். நீலப்புள்ளி ஒழுங்காக நகர்ந்தது. ஆனால் புள்ளிக்குக் கீழே வீதி இல்லை. கொங்கிறீற் போட்ட நல்ல பாதையில் வாகனம் ஓடிக்கொண்டிருக்க, நாங்கள் காட்டுக்குள் போவதாக வரைபடம் காட்டிற்று. உம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அது நம்மளக் கண்டுட்டுது, றோட்டத்தான் காணேல்ல" என்றார்.

விடுமுறை முடிந்து தரம் 10 வகுப்பில் புவியியல் பாடத்தின்போது இதைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மாணவி மட்டும் எழுந்து, "பிளேனுக்கும் இப்படி நடக்குமா, டீச்சர்?" என்று கேட்டாள். அன்று அவளுக்கு நான் சொன்னது அரைகுறையான பதில். அதன்பின் தேடிப் படித்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் உம்மா சொன்னதையே எடுத்துக்கொள்வோம். அவர் அறியாமலே இரண்டு வேலைகளைப் பிரித்துக் காட்டிவிட்டார். ஜி.பி.எஸ் எனப்படும் ஏற்பாட்டில் பூமியிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் குறைந்தது 24 செய்மதிகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவை அனுப்புவது நேரத்தையும் தம்முடைய இடத்தையும் மட்டுமே. நான்கு செய்மதிகளின் சமிக்ஞை கிடைத்தால் எம் கையிலுள்ள கருவி தன் இடத்தைக் கணக்கிட்டுக்கொள்ளும். கணக்கின் விடை எண்களாகவே வரும். வட அகலக்கோடு ஏறத்தாழ 9 பாகை 9 கலை, கிழக்கு நெடுங்கோடு ஏறத்தாழ 80 பாகை 39 கலை என்று. அந்த இடத்துக்கு ஒட்டுசுட்டான் என்று பெயர் இருப்பதோ, மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவு போகும் வீதி அவ்வழியே செல்வதோ செய்மதிக்குத் தெரியாது. பெயரும் வீதியும் கருவிக்குள் யாரோ எழுதிவைத்த ஏட்டிலிருந்து வருகின்றன. கணினிப் பாடத்தில் நீங்கள் தரவுத்தளம் என்று படிப்பது இந்த ஏட்டைத்தான். செய்மதி இந்தக் கணத்தைச் சொல்கிறது. ஏடு, அது எழுதப்பட்ட நாளைச் சொல்கிறது.

ஏடு பழசாவதற்கு எங்கள் பகுதியைவிட நல்ல உதாரணம் வேண்டாம். 1990இல் வடக்குக்கான புகையிரதம் நின்றுபோனது. தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் இல்லாமற் போயின. ஆனாலும் பழைய வரைபடங்களில் மாங்குளம் நிலையமும் அதனூடாகச் செல்லும் பாதையும் அப்படியே இருந்தன. ஓமந்தையிலிருந்து கிளிநொச்சி வரை புகையிரதம் மீண்டும் ஓடியது 2013 செப்ரெம்பரில். இடைப்பட்ட 23 வருடங்களும் அந்த வரைபடங்கள் இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டிக்கொண்டிருந்தன. ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையும் அப்படித்தான். கூரையில் ஓடு போட்ட எத்தனையோ வீடுகளுக்கு அதன் பெயர் தெரியும். போர்க்காலத்தில் அது நெடுங்காலம் மூடிக் கிடந்தபோதும் வரைபடத்தில் தொழிற்சாலையாகவே இருந்தது. தரையில் இதனால் பெரிய நட்டமில்லை. வாகனத்தை நிறுத்தி, கடையில் நிற்பவரிடம் வழி கேட்கலாம்.

முகிலுக்குள் பறக்கும் விமானிக்கு வழிகேட்க ஆளில்லை. எனவே விமானத்துக் கருவியிலுள்ள ஏட்டைப் புதுப்பிப்பதற்கு உலகம் முழுவதற்கும் ஒரு நாட்காட்டி வைத்திருக்கிறார்கள். 1964இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது. 'அய்ராக்' என்பது அதன் சுருக்கப் பெயர். 28 நாட்களுக்கு ஒரு முறை, எப்போதும் ஒரு வியாழக்கிழமை, புதிய தகவல்கள் நடைமுறைக்கு வரும். ஓடுபாதை மாற்றமா, வான்பாதை மாற்றமா, வழிகாட்டும் வானொலி நிலையம் ஒன்றை மூடுவதா, எதுவாயினும் முன்கூட்டியே அறிவித்து அந்த வியாழனிலேயே மாற்றவேண்டும். உரியவர்களின் கைக்கு அந்த அறிவித்தல் குறைந்தது 28 நாட்களுக்கு முன்னரே கிடைத்துவிட வேண்டும். பெரிய மாற்றமென்றால் அதைவிட நீண்ட தவணை. கிறீன்விச் நேரம் நள்ளிரவில் நாள் மாறும்போது எமக்குக் காலை 5.30 மணி. நாங்கள் சுபஹுத் தொழுது தேநீர் வைக்கும் வேளையில் உலகத்தின் வான்வரைபடம் ஒரு பக்கம் புரள்கிறது என்று நினைத்தால் எனக்கு ஒரு வியப்பு.

ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு இலக்கத்தில் ஒரு பெயர் உண்டு. 2501 என்றால் 2025ஆம் ஆண்டின் முதலாவது சுற்று. அது 2025 ஜனவரி 23, வியாழன் தொடங்கியது. 28ஐ 13ஆல் பெருக்கினால் 364. ஆண்டுக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ மிஞ்சுவதால் முதற்சுற்றின் திகதி மெல்ல மெல்ல முன்னே வந்துகொண்டிருக்கும். ஹிஜ்ரி மாதங்கள் ஆங்கில நாட்காட்டியில் முன்னே நகர்வதைப் பார்த்துப் பழகிய எமக்கு இது புதிதல்ல. 2020இல் முதற்சுற்று ஜனவரி 2ஆம் திகதி வந்தது. அது லீப் ஆண்டு என்பதால் டிசம்பர் 31ஆம் திகதி பதினான்காவது சுற்றும் தொடங்கிவிட்டது. அதன்பின் 14 சுற்றுகள் வரும் ஆண்டு எது? தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். லீப் ஆண்டுகளை மறக்கவேண்டாம்.

இந்தத் தகவல் விமானத்துக்குள் வந்துசேரும் வழி நீண்டது. ஒவ்வொரு நாடும் தன் வான்பரப்பைப் பற்றிய தகவல்களைத் தானே தொகுத்து வெளியிட வேண்டும். இலங்கையில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் கண்காணிப்பில் விமான நிலையங்களையும் வான்போக்குவரத்தையும் நடத்தும் நிறுவனம் இதைச் செய்கிறது. ஜெப்பசன், லிடோ போன்ற தொகுப்பாளர்கள் எல்லா நாடுகளின் வெளியீடுகளையும் சேர்த்து ஒரே ஒழுங்கில் எழுதுகிறார்கள். ஒவ்வொரு தகவலும் 132 எழுத்துக்கள் கொண்ட ஒரு வரி. எத்தனையாவது எழுத்தில் என்ன வரவேண்டும் என்பதற்கு நியமம் உண்டு. பலாலிக்கு வீ.சீ.சீ.ஜே, கட்டுநாயக்காவுக்கு வீ.சீ.பீ.ஐ, இரத்மலானைக்கு வீ.சீ.சீ.சீ என்று குறியீடுகள். அந்த வரிகள் ஒவ்வொரு கம்பனியின் கருவிக்கும் ஏற்றபடி பொதிசெய்யப்பட்டு, நடுவில் ஓர் எழுத்துக்கூடச் சிதையவில்லை என்பதற்குச் சரிபார்ப்பு எண் ஒன்றும் சேர்த்து அனுப்பப்படும்.

ஜெப்பசன் என்ற பெயருக்கு ஒரு கதை உண்டு. எல்ரே ஜெப்பசன் அமெரிக்காவில் தபால் விமானம் ஓட்டியவர். அக்காலத்தில் விமானிகளுக்கு வரைபடமே இல்லை. அவர் ஒரு கறுப்புக் குறிப்புப் புத்தகம் வாங்கி, மலைகளின் உயரத்தையும் தண்ணீர்த் தாங்கிகளின் உயரத்தையும் வயல்வெளிகளின் நீளத்தையும் தானே அளந்து எழுதினார். காலநிலை கேட்பதற்காக வழியிலுள்ள விவசாயிகளின் தொலைபேசி எண்களையும் குறித்துக்கொண்டார். மற்ற விமானிகள் கேட்கவே, பிரதி செய்து ஒன்று பத்து டொலருக்கு விற்றார். 1934இல் அது கம்பனியாயிற்று.

சிறிய விமானங்களில் புதுப்பிக்கும் வேலை பார்ப்பதற்கு இலகுவானது. கருவியின் முகப்பிலுள்ள சிறிய அட்டையைக் கழற்றி, கணினியில் செருகிப் புதிய சுற்றை இறக்கி, மறுபடி மாட்டுவார்கள். கருவியை இயக்கியதும் ஏடு எந்தத் திகதி முதல் எந்தத் திகதி வரை செல்லுபடியாகும் என்று திரையில் வரும். விமானி அதைப் பார்த்து ஒரு பொத்தானை அழுத்தினால்தான் மேலே போகலாம். காலாவதியானாலும் கருவி நின்றுவிடாது. அதுதான் ஆபத்தும்கூட. பழைய ஏட்டோடும் அது அதே நம்பிக்கையோடு வழிகாட்டும். ஆகவே காலாவதியான ஏட்டை நம்பி, முகிலுக்குள் செய்மதி வழிகாட்டலில் தரையிறங்கப் பொதுவாக அனுமதி இல்லை.

பெரிய விமானங்களின் கணினியில் இரண்டு ஏடுகள் இருக்கும். ஒன்று நடப்புச் சுற்று, மற்றது அடுத்தது. வியாழன் வரும்போது ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றிவிடுவார்கள். புதன் இரவு புறப்படும் விமானத்தில் எந்த ஏடு திறந்திருக்கிறது என்று பார்க்காமல் நகர முடியாது. ஓய்வுபெற்ற போயிங் 747-400 ஒன்றை 2020இல் பார்வையிட்ட கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள், அதற்கு 28 நாட்களுக்கு ஒரு முறை மூன்றரை அங்குல நெகிழ்வட்டில்தான் ஏடு ஏற்றப்பட்டது என்று காட்டினார்கள். உங்களில் பலர் அந்த வட்டைக் கண்டிருக்கவே மாட்டீர்கள். வீட்டில் வாப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

அப்படி என்னதான் மாறுகிறது என்று கேட்கலாம். பலாலியை எடுப்போம். 2019 ஒக்ரோபர் 17இல் அது யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11இல் சென்னையிலிருந்து கிரமமான சேவை தொடங்கியது. அந்த மாதத்துச் சுற்று தொடங்கியது நவம்பர் 7இல், நான்கு நாள் முன்னதாக. ஓடுபாதையின் பெயர்கூட மாறும். பலாலி ஓடுபாதைக்கு 05/23 என்று பெயர். காந்தத் திசைகாட்டியில் ஏறத்தாழ 50 பாகையையும் எதிர்ப்புறம் 230 பாகையையும் அது நோக்குவதே காரணம். பூமியின் காந்த முனை நகர்ந்துகொண்டிருப்பதால் உலகில் பல ஓடுபாதைகளுக்கு மறுபடி பெயரிட வேண்டியிருந்தது. அமெரிக்காவின் தம்பா நகரில் 2011இல் ஓடுபாதை அசையாமல் கிடக்க, அதன் இலக்கம் 18இலிருந்து 19ஆயிற்று. கொழும்பின் தாமரைக் கோபுரம் போல 350 மீற்றருக்கு மேல் ஒன்று எழுந்தால் அதையும் குறிக்கவேண்டும். தடைகளுக்கான பட்டியல் தனி, அதைப் புதுப்பிக்கும் கால அளவும் வேறு. தற்காலிக மாற்றங்கள் ஏட்டில் ஏறுவதில்லை. 2017 ஜனவரி முதல் மூன்று மாதம் கட்டுநாயக்கா ஓடுபாதையைப் பகலில் எட்டு மணித்தியாலம் மூடித் திருத்தினார்கள். அத்தகைய செய்திகள் தனி அறிவித்தலாக வரும். விமானி அதையும் வாசித்திருக்க வேண்டும்.

இனிச் சொல்லப்போவது துயரமானது. ஆனால் இதைச் சொல்லாமல் அந்த மாணவியின் கேள்விக்கு விடை இல்லை.

1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தா போகும் ஹஜ்ஜாஜிகளை ஏற்றிய டீ.சீ-8 விமானம் கட்டுநாயக்காவில் இறங்குவதற்காகத் தாழ்ந்து வந்தது. மஸ்கெலியாப் பகுதியில் நோட்டன் பிரிட்ஜுக்கு அருகிலுள்ள சப்தகன்னி மலையில் அது மோதிற்று. 182 ஹாஜிகளும் ஒன்பது பணியாளர்களும், 191 பேரும், வபாத்தானார்கள். இஹ்ராம் அணியும் எல்லையை அடையாமலே அந்தப் பயணம் எங்கள் மலைநாட்டில் முடிந்தது. அன்று விமானங்களில் ஜி.பி.எஸ் இல்லை. தம் வேகத்தையும் விலகலையும் அளக்கும் டொப்ளர் கருவியையும் காலநிலை ராடரையும் வைத்து, தாங்கள் எங்கே வந்துவிட்டோம் என்று விமானிகள் கணித்தார்கள். அந்தக் கணிப்புப் பிழைத்துவிட்டது என்பது விசாரணையின் முடிவு. விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாக எண்ணி அவர்கள் இறங்கிய இடத்தில் மலை இருந்தது. உம்மாவின் வார்த்தையில் சொன்னால், அங்கே வீதி தொலையவில்லை, ஆள்தான் தொலைந்தது.

அந்தக் குறையை இன்று செய்மதி தீர்த்துவிட்டது. ஏட்டின் குறையை அது தீர்க்காது என்பதற்கு 1995 டிசம்பர் 20இல் கொலம்பியாவில் நடந்தது சாட்சி. மயாமியிலிருந்து காலி நகருக்கு வந்த போயிங் 757 விமானம் ரோசோ என்ற வானொலி நிலையத்தை நோக்கிப் போகவேண்டியிருந்தது. விமானியிடமிருந்த அச்சு வரைபடத்தில் அதன் குறியீடு 'ஆர்' என்ற ஒற்றை எழுத்து. கணினியில் 'ஆர்' என்று அடித்தார்கள். கணினியின் ஏட்டிலோ அந்த எழுத்தின் கீழ் முதலில் நின்றது பொகோட்டாவுக்கு அருகிலுள்ள ரோமியோ என்ற நிலையம். ரோசோ வேண்டுமானால் முழுப் பெயரையும் அடிக்கவேண்டும். விமானம் இடப்புறம் திரும்பி மலைகளை நோக்கிச் சென்றது. 163 பேரில் நால்வரே பிழைத்தனர். அச்சு ஏட்டிலும் கணினி ஏட்டிலும் தனித்தனியே பிழை இல்லை. இரண்டும் ஒரே மொழி பேசவில்லை.

என்னை இன்னும் கூடுதலாக உலுக்கியது நியூசிலாந்து விமானத்தின் கதை. 1979 நவம்பர் 28இல் டீ.சீ-10 விமானம் ஒன்று அந்தாட்டிக்காவைச் சுற்றிக் காட்டுவதற்காக 257 பேருடன் புறப்பட்டது. அந்தப் பயணத்தின் இறுதிப் புள்ளியைக் கணினியில் ஏற்றியவர்கள், ஓராண்டுக்கு மேலாக, 166 பாகை என்று வரவேண்டிய நெடுங்கோட்டை 164 என்று வைத்திருந்தார்கள். ஓர் இலக்கப் பிழை. அதனால் பாதை எரெபஸ் மலையைத் தொடாமல் அகன்ற குடாவின் மேலாகப் போனது. முந்தைய விமானங்கள் அப்படியே சென்று வந்தன. இந்தப் பயணத்தின் விமானிகளுக்கும் 19 நாட்களுக்கு முன் அந்தப் பாதையைக் காட்டியே விளக்கம் கொடுக்கப்பட்டது. புறப்படும் நாள் அதிகாலையில் யாரோ பிழையைக் கண்டு திருத்தினார்கள். விமானிகளுக்குச் சொல்லவில்லை. திருத்தப்பட்ட பாதை நேரே எரெபஸ் மலைமேல் சென்றது. வெள்ளை மலையும் வெள்ளை முகிலும் ஒன்றாகத் தெரிய, குடாவின் மேல் பறப்பதாக நினைத்தே மலையில் மோதினார்கள். ஒருவரும் மிஞ்சவில்லை. முதல் அறிக்கை விமானியைக் குற்றஞ்சாட்டிற்று. நீதிபதி பீற்றர் மாஹனின் ஆணைக்குழு 1981இல், சொல்லாமல் மாற்றியதே மூலகாரணம் என்று கூறியது. இது ஜி.பி.எஸ்ஸுக்கு முந்திய கருவி என்றாலும் பாடம் அதே பாடம்தான். சரியாக இருக்கவேண்டியதைச் சரியாக்கினார்கள், அதனாலேயே 257 உயிர்கள் போயின.

பூமியின் முனைக்கு அருகில் நெடுங்கோடுகள் நெருங்கிவிடுவதால் அந்த இரண்டு பாகைச் சொச்சம் ஏறத்தாழ 27 கடல்மைல். எங்கள் ஊரில் இரண்டு பாகை என்றால் 200 கிலோமீற்றருக்கு மேல். ஒட்டுசுட்டானின் 80ஐ 78 என்று எழுதினால் வீடு மன்னார் வளைகுடாவைத் தாண்டித் தமிழ்நாட்டின் இராமநாதபுரக் கரையோரத்துக்குப் போய்விடும்.

இடங்களின் பெயரையும் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் பட்டியலாக எழுதி, பழைய பட்டியலைத் திருத்துவது முஸ்லிம் அறிஞர்களுக்குப் பழக்கமான வேலை என்பதையும் இங்கே சொல்ல ஆசை. அல்ஜீப்ராவுக்குப் பெயர் தந்த அல்-குவாரிஸ்மி, 833இல் 'பூமியின் உருவம்' என்ற பொருளில் ஒரு நூல் எழுதினார். அது 2402 இடங்களின் ஆயத்தொலைகள் கொண்ட பட்டியல். தொலமி தந்த எண்களை எடுத்து, பிழையானவற்றை அவர் திருத்தினார். மத்தியதரைக் கடலின் நீளத்தைத் தொலமி மிகைப்படுத்தியிருந்தார், அல்-குவாரிஸ்மி அதைக் குறைத்தார். எங்கள் தீவையும் தொலமி தப்ரபேன் என்ற பெயரில் பல மடங்கு பெரிதாக வரைந்திருந்தார் என்பது வேறு கதை. இருநூறு வருடங்களுக்குப் பிறகு அல்-பிரூனி, கஸ்னா நகரின் கிப்லாவைச் சரியாகக் காண்பதற்காக நகரங்களின் தூரங்களை மறுபடி அளந்து ஒரு நூலே எழுதினார். கிப்லாக் கணக்குக்கு இரு ஊர்களின் எண்கள் வேண்டும். ஒன்று பிழைத்தாலும் திசை பிழைக்கும். ஒட்டுசுட்டானுக்கு நான் கணக்கிட்டுப் பார்த்தேன். நேர் மேற்கிலிருந்து ஏறத்தாழ 22 பாகை வடக்கே வருகிறது. தரம் 11 மாணவிகள் திரிகோணகணிதத்தில் இதைச் செய்து பார்க்கலாம்.

அந்த மாணவிக்கு இப்போது என் பதில்: ஆம், பிளேனுக்கும் நடக்கும், நடந்திருக்கிறது. அதனால்தான் விமானிகள் புறப்படுமுன் திகதியைப் பார்ப்பதோடு நிறுத்துவதில்லை. ஒருவர் கணினியிலுள்ள புள்ளிகளை ஒவ்வொன்றாக வாசிக்க, மற்றவர் வரைபடத்தோடு ஒப்பிடுகிறார். குர்ஆன் மத்ரஸாவில் ஒருவர் ஓத மற்றவர் முஸ்ஹபைப் பார்த்துக்கொண்டிருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் வழியில் மாங்குளத்தில் இணையம் கிடைத்தது. ராத்தாவின் மகள் வரைபடத்தைப் புதிதாக இறக்கினாள். அந்தக் கொங்கிறீற் பாதை இப்போது இருந்தது. "எப்ப எழுதினாங்க எண்டு போட்டிருக்கா பாருங்க மகள்" என்றார் உம்மா. தேடினோம். திகதி எங்கேயும் போட்டிருக்கவில்லை.